முதல் படம் இலவசம், இரண்டாவது படத்துக்குப் பில்: மேமோகிராம் காப்பீட்டில் கோடு எங்கே விழுகிறது?

நீலவானம் | பதிவு 1

வணக்கம். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களோடு மல்லுக்கட்டிய அனுபவம் உள்ளவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எனக்கு 47 வயது. கடந்த அக்டோபரில் வழக்கமான மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுத்துக்கொண்டேன். ஒரு காசு கேட்கவில்லை. எட்டு நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது: பரிசோதனை முழுமையடையவில்லை, கூடுதல் படங்கள் தேவை என்று. அந்த வரியைப் படித்த பிறகு மூன்று இரவுகள் நான் சரியாகத் தூங்கவில்லை. திரும்பப் போனேன். அதே அறை, அதே இயந்திரம், முதல் முறை என் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்திய அதே பெண்மணி. இடப்பக்கத்தில் மட்டும் சிறிய தகட்டை வைத்து அழுத்தி இரண்டு படம் எடுத்தார்கள், பிறகு அல்ட்ராசவுண்ட். அரை மணி நேரத்தில் மருத்துவரே வந்து நீர்க்கட்டிதான் என்று சொல்லிவிட்டார். கண் கலங்க நன்றி சொல்லிவிட்டு வீடு திரும்பினேன்.

ஐந்து வாரம் கழித்து 640 டாலருக்குப் பில் வந்தது. காப்பீட்டு நிறுவனத்தை அழைத்தால், முதலாவது ‘ஸ்கிரீனிங்’ (அறிகுறி இல்லாதவருக்கான பரிசோதனை), இரண்டாவது ‘டயக்னாஸ்டிக்’ (சந்தேகத்தைத் தீர்க்கும் பரிசோதனை), எனவே இரண்டாவது டிடக்டிபிளில் சேரும், அதாவது காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் ஆண்டுதோறும் நீங்களே கட்ட வேண்டிய தொகையில், அது தீரும்வரை முழுச் செலவும் உங்களுடையது என்றார்கள். கூடுதல் படம் வேண்டும் என்று கேட்டவள் நான் அல்லவே. அவர்கள்தானே என்னைக் கூப்பிட்டார்கள்?

பணத்தை நான் கட்டிவிட்டேன். கவலை வேறு. என் அண்ணிக்கு 52 வயது. சென்ற வாரம் அவருக்கும் அதே கடிதம் வந்திருக்கிறது. அவருடைய டிடக்டிபிள் 3,000 டாலர், வீட்டில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில். “உனக்கு ஒன்றுமில்லை என்றுதானே வந்தது, எனக்கும் அப்படித்தான் இருக்கும், அதற்கு எதற்கு அறுநூறு டாலர்?” என்கிறார். என் பில்லை அவரிடம் காட்டியவள் நானேதான். அது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பிரிவினையை யார் செய்தார்கள்? அதைச் சுற்றி வழி ஏதும் உண்டா?

எண்கணக்கு | பதிவு 2

சகோதரி, ஒரு ஸ்கேன் மையத்தில் பில் குறியீடு போடும் வேலையில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். நீங்கள் கேட்கும் கோடு என் மேசையில்தான் விழுகிறது.

இரு பக்க ஸ்கிரீனிங் மேமோகிராமின் குறியீடு 77067. ஒரு பக்க டயக்னாஸ்டிக் மேமோகிராமுக்கு 77065, இரு பக்கத்துக்கு 77066. எந்த அறிகுறியும் இல்லாமல் பார்க்க வந்தவர் என்பதற்கான காரணக் குறியீடு Z12.31 என்ற வரிசையில் வரும். 77067-உம் அதுவும் சேர்ந்து போனால் காப்பீட்டின் கணினி முழுத் தொகையையும் ஏற்றுக்கொள்கிறது. 77065 போனால் டிடக்டிபிளில் தள்ளிவிடுகிறது. இதைச் சொல்லும்போது மனம் கனக்கிறது, ஆனால் உண்மை இதுதான்: உங்கள் உடம்பில் எதுவும் மாறவில்லை, நான் தட்டும் எண்தான் மாறுகிறது.

சட்டத்தில் இது எங்கிருந்து வந்தது என்றால், ஒபாமாகேர் என்று எல்லாரும் அழைக்கும் 2010 சட்டம் சேர்த்த 2713-ஆம் பிரிவிலிருந்து. அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு என்ற நிபுணர் குழு ‘ஏ’ அல்லது ‘பி’ (பரிந்துரைக்கத்தக்கது) என்று மதிப்பிட்ட சேவைகளுக்கு நோயாளியிடம் பங்குத்தொகை வாங்கக் கூடாது என்கிறது அது. அந்தச் சட்டத்துக்கு முன்பிருந்தே மாறாமல் தொடரும் பழைய திட்டங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பட்டியலில் இருந்தது மேமோகிராம் பரிசோதனை. அதன் தொடர்ச்சி அப்போது பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததைக் காப்பீட்டு நிறுவனம் தானாக முன்வந்து கொடுக்காது.

பெருங்குடல் புற்றுநோயில் இதே சிக்கல் இருந்து தீர்ந்தது. மலப் பரிசோதனை இலவசம், அதில் சந்தேகம் வந்தால் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்குப் பில். அந்தக் கொலோனோஸ்கோபியும் ஸ்கிரீனிங்கின் பகுதியே என்று 2022 ஜனவரியில் அரசு விளக்கம் கொடுத்தது. அந்த ஆண்டு மே 31 முதல் தொடங்கிய திட்ட ஆண்டுகளில் அது நடைமுறைக்கு வந்தது. மார்பகத்துக்கும் இப்போது ஒரு மாற்றம் வந்திருக்கிறது. உங்கள் அண்ணியின் திட்ட ஆண்டு எந்த மாதம் தொடங்குகிறது என்று முதலில் கேட்டுச் சொல்லுங்கள்.

இருட்டறை | பதிவு 3

நான் ரேடியாலஜிஸ்ட். மார்பகப் படங்களைத்தான் பெரும்பாலும் படிக்கிறேன்.

இரண்டும் ஒரே வேலை இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கிரீனிங் படங்களை நான் ஒரே அமர்வில் அடுத்தடுத்துப் படிப்பேன், அந்தப் பெண்கள் அப்போது வீட்டில் இருப்பார்கள். திரும்ப அழைக்கப்பட்டவர் வரும்போது நான் அங்கே இருக்க வேண்டும். எந்தக் கோணம் வேண்டும் என்று சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் நானே அல்ட்ராசவுண்ட் கருவியைக் கையில் எடுக்க வேண்டும். செலவு கூடுதல்தான்.

ஆனால் அந்தச் செலவை நோயாளியின் தலையில் கட்டுவதற்கு அது காரணமாகாது. அமெரிக்காவில் ஆயிரம் பெண்களுக்கு மேமோகிராம் எடுத்தால் ஏறத்தாழ நூறு பேரைத் திரும்ப அழைக்கிறோம். அந்த நூறு பேரில் சுமார் ஐந்து பேருக்குத்தான் புற்றுநோய். அந்த ஐவரைக் கண்டுபிடிக்கத்தான் ஆயிரம் பேருக்கும் இலவசமாகப் படம் எடுத்தோம். நூறு பேரில் இருபது பேர் பில்லுக்குப் பயந்து வராமல் போனால், அந்த இருபதில் யார் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. என் அறிக்கையில் ‘பூஜ்யம்’ என்று பிரிவு போட்டு அனுப்புகிறேன். முடிவு சொல்லவில்லை, இன்னும் பார்க்க வேண்டும் என்பது அதன் பொருள். முடிவு சொல்லாத ஒன்றை ‘பரிசோதனை முடிந்தது’ என்று காப்பீட்டுக் கணக்கு எப்படி எடுத்துக்கொள்கிறது?

இன்னொன்றும் இருக்கிறது. 1992-இல் வந்த மேமோகிராம் தரச் சட்டப்படி நோயாளிக்குப் புரியும் மொழியில் 30 நாளுக்குள் முடிவைக் கடிதமாக அனுப்ப வேண்டும். 2024 செப்டம்பர் 10 முதல், மார்பகத் திசு அடர்த்தியா இல்லையா என்பதையும் அதில் கட்டாயம் எழுத வேண்டும். அடர்த்தியான திசுவில் கட்டி மறைந்துகொள்ளும், வெள்ளைப் பின்னணியில் வெள்ளைப் புள்ளி. எனவே பெண்களிடம் சொல்வது சரியே. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் பணிக்குழு, அடர்த்தி காரணமாக மட்டும் கூடுதலாக அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ எடுப்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. ஆக, ஒரு விதி என்னை எச்சரிக்கச் சொல்கிறது. அந்த எச்சரிக்கையைக் கேட்டு வருபவருக்கு யார் செலவு செய்வது என்பதை அந்த விதி சொல்லவில்லை. கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, “இப்போது நான் என்ன செய்யட்டும், டாக்டர்?” என்று கேட்பவர்களை வாரம்தோறும் பார்க்கிறேன்.

வடகரை | பதிவு 4

நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் காப்பீட்டு நிறுவனத்துக்குத்தானே லாபம், அப்புறம் ஏன் தடுக்கிறார்கள் என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். சுகாதாரப் பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் முன்கூட்டியே சொல்கிறேன்: பெரும்பாலும் லாபம் இல்லை.

நுரையீரல் சிடி ஸ்கேனை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 53,454 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2011-இல் வெளிவந்தது. சாதாரண மார்பு எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டபோது, குறைந்த கதிர்வீச்சு சிடி எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. அருமையான முடிவு. அதே ஆய்வின் செலவுக் கணக்கு 2014-இல் வந்தபோது, நலமான ஓர் ஆயுள் ஆண்டைக் கூட்ட ஏறத்தாழ 81,000 டாலர் செலவாகிறது என்று தெரிந்தது. அந்தப் பணத்துக்கு அது தகும் என்றே நான் சொல்வேன். ஆனால் ‘தகும்’ என்பது வேறு, ‘மிச்சமாகும்’ என்பது வேறு. உயிரைக் காப்பாற்றுவதற்குப் பணம் செலவாகும் என்பதை நேராக ஒப்புக்கொள்ள வேண்டும். மிச்சமாகும் என்று ஆசை காட்டி வாதாடினால், மிச்சமாகவில்லை என்று தெரியும் நாளில் வாதமே தோற்றுவிடும்.

மிச்சமாகும் இடத்திலும் அது யாருக்கு மிச்சம் என்று பாருங்கள். அமெரிக்காவில் காப்பீடு வேலையோடு ஒட்டியது. வேலை மாறினால் காப்பீடு மாறும். 65 வயதானால் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் வந்துவிடும். 55 வயதுக்காரருக்கு இன்று ஸ்கேன் செலவைச் செய்யும் நிறுவனம், பத்தாண்டு கழித்து அவருடைய பெரிய சிகிச்சைச் செலவைச் சந்திக்கப்போவதில்லை. விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் இன்னொருவர். தனித்தனி நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டால் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துத்தான் விதைப்பார்கள். 2713-ஆம் பிரிவு போன்ற பொதுக் கட்டாயம் வேண்டியிருப்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆற்றுமணல் | பதிவு 5

எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தை நான் சொல்லியாக வேண்டும். நான் பொது சுகாதாரத் துறையில் இருக்கிறேன்.

படம் எடுப்பதற்குத் தாராளமாகப் பணம் கிடைத்தால் என்ன ஆகும்? தென் கொரியாவில் 1999-இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களுக்குச் சிறு தொகையில் கழுத்து அல்ட்ராசவுண்டும் சேர்த்து எடுத்தார்கள். 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு. அந்த நோயால் இறப்பவர்களின் விகிதமோ அசையவே இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் தைராய்டை இழந்து, வாழ்நாள் முழுவதும் மாத்திரை விழுங்குகிறார்கள். அவர்களில் பலருக்கு அந்தக் கட்டி ஒருபோதும் தொல்லை கொடுத்திருக்காது.

அமெரிக்காவிலும் பாருங்கள். மேமோகிராமில் சந்தேகமான இடங்களைக் கணினி சுட்டிக்காட்டும் மென்பொருளுக்கு 1998-இல் அனுமதி கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் மெடிகேர் அதற்குத் தனிக் கட்டணம் கொடுக்கத் தொடங்கியது. பணம் வருகிறது என்றதும் மையங்கள் எல்லாம் வாங்கிவிட்டன. 2015-இல் வெளிவந்த பெரிய ஆய்வு, அந்த மென்பொருளால் கண்டறியும் திறன் கூடவே இல்லை என்றது. அதற்குள் ஆண்டுக்கு 40 கோடி டாலருக்கு மேல் அதில் போய்க்கொண்டிருந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவு வாசிப்புக்கு நோயாளியிடமே 40 டாலர் கேட்கும் மையங்கள் இருக்கின்றன. சுவீடனில் 80,000 பெண்களிடம் நடந்த சோதனையில் செயற்கை நுண்ணறிவு, படங்களைப் படிக்கும் மருத்துவர்களின் வேலைப்பளுவை 44 சதவீதம் குறைத்தது. நல்ல செய்திதான். ஆனால் வேலை குறைந்தால் செலவும் குறைய வேண்டும் அல்லவா? நோயாளிக்குக் கட்டணம் ஏன் கூடுகிறது?

சொந்தமாக எம்ஆர்ஐ, சிடி வைத்திருக்கும் மருத்துவர்கள் தங்களிடமே நோயாளிகளை அனுப்பிக்கொள்வதைப் பற்றி அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2012-இல் அறிக்கை வெளியிட்டது. 2010-இல் மட்டும் அப்படி 4,00,000 கூடுதல் பரிந்துரைகள், மெடிகேருக்கு ஏறத்தாழ 10.9 கோடி டாலர் கூடுதல் செலவு என்று மதிப்பிட்டது. காப்பீட்டு நிறுவனங்கள் முன் அனுமதி கேட்டு இழுத்தடிப்பதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். அவர்கள் செய்வதை எல்லாம் நான் நியாயப்படுத்தவில்லை. பூட்டு எதற்காக வந்தது என்பதைச் சொல்கிறேன்.

நீலவானம் | பதிவு 6

ஆற்றுமணல் ஐயா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் என் அண்ணி தேவையில்லாத படத்தைத் தேடிப் போகவில்லை. “வாருங்கள்” என்று கடிதம் போட்டு அழைத்திருக்கிறார்கள். தைராய்டுக் கதையை அவருக்கு எப்படிப் பொருத்துவது?

ஆற்றுமணல் | பதிவு 7

பொருத்தக் கூடாது, அம்மா. அந்த இடத்தில் நீங்கள் சொல்வதே சரி. ஸ்கிரீனிங்கை விரிப்பது ஒரு கேள்வி, தொடங்கிய ஸ்கிரீனிங்கை முடிப்பது வேறு கேள்வி. முதலாவதில் தயங்க வேண்டும். இரண்டாவதில் தயங்கவே கூடாது. முடிக்க முடியாதவரிடம் தொடங்குவதே தவறு என்றுகூடச் சொல்வேன். என் பதிவு இரண்டையும் கலந்துவிட்டது, வருந்துகிறேன்.

கலங்கரை | பதிவு 8

நுரையீரல் ஸ்கிரீனிங் ஒருங்கிணைப்புச் செவிலியாக வேலை பார்க்கிறேன். வடகரை சொன்ன அந்த சிடி ஸ்கேன் தகுதியுள்ளவருக்கு இலவசம். ஆனாலும் எங்கள் இயந்திரம் பாதி நாள் சும்மா இருக்கிறது. பணம் மட்டுமே தடை இல்லை, விதியும் தடையாகிறது என்பதற்காக எழுதுகிறேன்.

பணிக்குழுவின் 2021 விதிப்படி 50 முதல் 80 வயது வரை, 20 பாக்கெட்-ஆண்டு புகைத்திருக்க வேண்டும், இன்னும் புகைப்பவராகவோ விட்டு 15 ஆண்டுக்குள் இருப்பவராகவோ இருக்க வேண்டும். ஒரு நாளுக்கு எத்தனை பாக்கெட், எத்தனை ஆண்டு, இரண்டையும் பெருக்கினால் பாக்கெட்-ஆண்டு. மெடிகேரில் உச்ச வயது 77. முதல் ஸ்கேனுக்கு முன் நன்மை தீமைகளைப் பேசி நோயாளியும் சேர்ந்து முடிவெடுத்ததாகத் தனிச் சந்திப்பு நடந்திருக்க வேண்டும், அது ஆவணத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பில் திரும்பி வரும்.

சென்ற மாதம் ஒருவர் வந்தார், 58 வயது, லாரி ஓட்டுபவர். மனைவி வற்புறுத்தி அழைத்து வந்திருக்கிறார். “ஒரு நாளைக்கு எவ்வளவு புகைப்பீர்கள்?” என்றேன். மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அரைப் பாக்கெட்” என்றார். எத்தனை ஆண்டு? “முப்பத்தெட்டு.” பெருக்கினேன், 19. ஒன்று குறைகிறது. மனைவி தண்ணீர் எடுக்க வெளியே போனபோது மெதுவாகக் கேட்டேன்: “எப்போதும் அரைதானா? இரவு ஓட்டும் நாட்களில்?” தலையைக் குனிந்துகொண்டு, “இரவு என்றால் ஒன்றரை” என்றார். ஆண்டுவாரியாக அவரோடு உட்கார்ந்து எழுதினேன், 31 வந்தது. நான் திரும்பக் கேட்காமல் இருந்திருந்தால் 19 என்ற எண்ணோடு அவர் வீட்டுக்குப் போயிருப்பார். வெட்கம் ஒரு மனிதரைத் தகுதியில்லாதவர் ஆக்கிவிடக்கூடிய விதி இது.

வயிற்றுப் பெருநாடி வீக்கத்துக்கான அல்ட்ராசவுண்டிலும் இதைப் பார்த்தோம். புகைத்த வரலாறு உள்ள 65 முதல் 75 வயது ஆண்களுக்கு ஒரே ஒரு முறை எடுத்தால் போதும். வலி இல்லை, ஊசி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. 2007 முதல் மெடிகேர் அதற்குப் பணம் கொடுத்தது. ஆனால் மெடிகேரில் சேர்ந்த புதிதில் நடக்கும் வரவேற்புச் சந்திப்பில் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே. அந்தச் சந்திப்புக்கே பலர் போகவில்லை. 2014-இல்தான் அந்த நிபந்தனையை எடுத்தார்கள். இங்கிலாந்தில் ஓர் ஆண் 65 வயதை எட்டும் ஆண்டில் கடிதம் வீடு தேடி வருகிறது, இந்த நாளில் இந்த இடத்துக்கு வாருங்கள் என்று. வாசலைத் திறந்து வைப்பதும் கையைப் பிடித்து உள்ளே அழைப்பதும் ஒன்றல்ல.

மூன்றாம்மாடி | பதிவு 9

முழு உடல் எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே? 2,500 டாலர் அளவில் கட்டினால் தலை முதல் கால் வரை பார்த்துவிடுகிறார்களே.

இருட்டறை | பதிவு 10

நண்பரே, தயவுசெய்து வேண்டாம். அறிகுறியோ குடும்ப வரலாறோ இல்லாதவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று ரேடியாலஜிஸ்ட்களின் அமைப்பான அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2023-இல் சொல்லியிருக்கிறது. அதில் தென்படும் சிறுசிறு புள்ளிகளைத் தொடர்ந்து வரும் ஸ்கேன்களும், திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சிகளும் உங்கள் காப்பீட்டுக்கும் டிடக்டிபிளுக்கும் வந்து சேரும். நீலவானத்தின் கதைதான் மீண்டும் நடக்கும், அழைப்பை மட்டும் நீங்களே விலை கொடுத்து வாங்கியிருப்பீர்கள். அதோடு, பழைய நோயைக் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுக்கக் கூடாது என்ற பாதுகாப்பு ஆயுள் காப்பீட்டுக்குக் கிடையாது. அறிக்கையில் வந்த ஒரு வரியை அவர்கள் கேட்கலாம்.

வடகரை | பதிவு 11

பட்டியலை எழுதுவது யார் என்ற நீலவானத்தின் முதல் கேள்விக்கு இன்னும் முழு விடை வரவில்லை.

பணிக்குழுவின் எழுத்துகள் முதலில் மருத்துவர்களுக்கான அறிவுரை. 2010 சட்டம் அவற்றைப் பணம் கொடுக்கும் எழுத்துகளாக மாற்றியது. அப்போதிருந்து சான்றை எடைபோட்டு ‘சி’ என்று எழுதினால், அது ‘பில் வரும்’ என்று எழுதியதாக ஆகிவிடுகிறது. 2009 நவம்பரில் 40 முதல் 49 வயதுப் பெண்களுக்கு வழக்கமான மேமோகிராமை ‘சி’ என்று பணிக்குழு மதிப்பிட்டபோது நாடே கொந்தளித்தது. காப்பீட்டுக் கணக்கில் அந்த 2009 பரிந்துரையைக் கொள்ளக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டத்திலேயே எழுதிவிட்டது. 2024 ஏப்ரலில் பணிக்குழுவே 40 வயது முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று ‘பி’ கொடுத்தது. அறிவியல் தன் வேகத்தில் நடக்கிறது, அதன் மேல் பணத்தின் பாரத்தை ஏற்றியதால் ஒவ்வொரு எழுத்தும் அரசியலாகிறது.

சிடி ஸ்கேன் வழியே பெருங்குடலைப் பார்க்கும் சிடி கொலோனோகிராபியின் கதை இன்னும் விசித்திரமானது. மெடிகேர் 2009-இல் அதற்குப் பணம் கொடுக்க முடியாது என்றது. 2016-இல் பணிக்குழு தன் பரிந்துரையில் ஏற்கத்தக்க முறைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது, தனியார் காப்பீட்டில் இலவசமாயிற்று. மெடிகேர் ஏற்றது 2025 ஜனவரியில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் 64 வயதில் இலவசமாக எடுக்கக்கூடிய ஸ்கேன், 65-ஆவது பிறந்தநாள் கழிந்ததும் கைவிட்டுப் போயிற்று. புற்றுநோய் ஆபத்து வயதோடு கூடுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்த அமைப்பே சட்டப்படி செல்லாது என்று வழக்கும் நடந்தது. 2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அமைப்பைக் காப்பாற்றியது. பணிக்குழு உறுப்பினர்களை நியமிக்கவும் நீக்கவும் சுகாதார அமைச்சருக்கு அதிகாரம் உண்டு என்பதே தீர்ப்பின் அடிப்படை. எனவே கட்டாயம் நிலைத்தது. பட்டியல் எழுதும் கை யாருடையது என்ற கவலை நீங்கவில்லை.

நீலவானம் | பதிவு 12

அண்ணியின் அலுவலக மனிதவளத் துறையிடம் கேட்டுவிட்டோம். திட்ட ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறதாம். நிறுவனமே பணம் போட்டு நடத்தும் திட்டம், காப்பீட்டு நிறுவனம் நிர்வாகம் மட்டும் செய்கிறது என்றும் சொன்னார்கள். இதனால் ஏதாவது மாறுமா?

எண்கணக்கு | பதிவு 13

இரண்டுமே மாற்றும்.

முதலில் நல்ல செய்தி. பெண்களுக்கான தடுப்புச் சேவை வழிகாட்டலை அரசு 2024 டிசம்பர் இறுதியில் திருத்தியது. ஸ்கிரீனிங்கை முடிக்கக் கூடுதல் மேமோகிராமோ அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ தேவைப்பட்டால், பயாப்சித் திசுச் சோதனை உட்பட அதுவும் பங்குத்தொகை இல்லாமல் கிடைக்க வேண்டும். 2026-இல் தொடங்கும் திட்ட ஆண்டுகளிலிருந்து இது பொருந்தும். உங்கள் படங்கள் 2025-இல் எடுக்கப்பட்டதால் உங்கள் பில்லுக்கு உதவாது. அண்ணியின் புதிய திட்ட ஆண்டு இந்த ஜூலையில் தொடங்குவதால், அதற்குப் பிறகு எடுத்தால் பொருந்தும்.

சில மாநிலங்கள் இதைவிட முன்பே தொடர் படங்களுக்குச் சட்டம் போட்டிருக்கின்றன. ஆனால் நிறுவனமே நடத்தும் திட்டங்களை மாநிலக் காப்பீட்டுச் சட்டம் கட்டுப்படுத்தாது. 1974-இன் மத்தியச் சட்டம் அவற்றைத் தனியே வைத்திருக்கிறது. அலுவலகக் காப்பீடு உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இப்படிப்பட்ட திட்டங்களில்தான் இருக்கிறார்கள். அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு இலவசமானது உங்களுக்கு இல்லாமல் போகும்.

நீலவானம் | பதிவு 14

அப்படியானால் அண்ணி ஜூலைவரை காத்திருக்கலாமா? இப்போது பிப்ரவரி. அவர் கட்டாயம் இதைத்தான் கேட்பார்.

இருட்டறை | பதிவு 15

கூடாது. ஐந்து மாதம் என்பது நீண்ட காலம். அவருக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கவே வாய்ப்பு மிக அதிகம், அதை நான் முழு மனதோடு சொல்கிறேன். ஆனால் பத்துப் படங்களில் ஒன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் திரும்பக் கூப்பிடுகிறோம் என்றால், அந்த ஒன்றில் எங்கள் கண்ணில் ஏதோ பட்டிருக்கிறது. அது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு கோடைகாலம்வரை நாளை எண்ணச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு நீர்க்கட்டியாக இருந்தது உங்கள் மார்பைப் பற்றிய செய்தி. அவருடையதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

எண்கணக்கு | பதிவு 16

இருட்டறை சொல்வதைக் கேளுங்கள், பணத்துக்கு நான் வழி சொல்கிறேன்.

அழைத்த மருத்துவமனையிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மருத்துவமனையைச் சேர்ந்த மையத்துக்கும் தனி ஸ்கேன் மையத்துக்கும் ஒரே படத்துக்கு இரு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தன் வலையமைப்பில் உள்ள, அதாவது தன்னோடு ஒப்பந்தம் செய்த, தனி மையங்களின் பட்டியலைக் காப்பீட்டிடம் கேளுங்கள். 77065, 76642 என்ற இரண்டு எண்களையும் சொல்லி விலை கேளுங்கள். இரண்டாவது, ஒரு பகுதிக்கு மட்டும் எடுக்கும் மார்பக அல்ட்ராசவுண்ட். எண் சொல்லாமல் கேட்டால் யாரும் விலை சொல்ல மாட்டார்கள்.

காப்பீட்டைப் பயன்படுத்தாமல் நேரடியாகக் கட்டும் விலையையும் கேளுங்கள். சில இடங்களில் அது குறைவாக இருக்கும். அப்படிக் கட்டுபவருக்கு முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும் என்பது 2022 முதல் சட்டம். மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடுதலாகப் பில் வந்தால் முறையிடலாம். ஆனால் அப்படிக் கட்டிய பணம் டிடக்டிபிளில் சேராது. இந்த ஆண்டு வேறு சிகிச்சை எதிர்பார்த்தால் காப்பீடு வழியே போவதே நல்லது.

முதல் படங்கள் இருக்கும் குறுவட்டைப் பழைய இடத்திலிருந்து கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பிடப் பழைய படம் இல்லாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுப்பார்கள், அதற்கும் ஒரு பில் வரும்.

கலங்கரை | பதிவு 17

ஒரு சொல் சேர்க்கிறேன், நீலவானம். அண்ணியிடம் தகவலை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். நீங்களே தொலைபேசியில் நேரம் வாங்குங்கள், கூடவே போங்கள். வராமல் போகும் நோயாளிகளில் பலர் பணத்தைக் காரணமாகச் சொல்வார்கள். உடன் வர ஒருவர் இருந்தால் வந்துவிடுவார்கள்.

நீலவானம் | பதிவு 18

நேற்று அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அண்ணி வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஏழு இடங்களுக்கு அழைத்தோம். எண்களைச் சொன்னதும் பேச்சே மாறிவிட்டது, எண்கணக்கு அவர்களுக்கு நன்றி. அழைத்த மருத்துவமனையில் இரண்டும் சேர்த்து 710 டாலர். இருபது நிமிடத் தொலைவில் வலையமைப்பில் உள்ள ஒரு தனி மையத்தில் காப்பீடு வழியாகவே 265. நான்கு தவணையில் கட்டலாம் என்றார்கள். அண்ணி என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கித் தன் பிறந்த தேதியைத் தானே சொன்னார்.

வியாழன் காலை 8:40-க்கு நேரம் கிடைத்திருக்கிறது. நாளை மதியம் நான் போய்க் குறுவட்டை வாங்கி வருகிறேன்.